எந்தக் கடிகாரம் வேண்டும் என்று கேட்ட மகனுக்கு

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதப் போவதில்லை. என் நலத்தை நீ ஆரா நகரத்தில் இருந்துகொண்டே, காலையில் பல் தீட்டும்போதே தொலைபேசியில் பார்த்துவிடுகிறாய். என் இதயம் எப்படி அடித்தது, எத்தனை தரம் புரண்டு படுத்தேன், எவ்வளவு நடந்தேன் என்பதெல்லாம் எனக்குத் தெரிய முதல் உனக்குத் தெரிகிறது. அப்படிப்பட்டவனுக்கு நலம் எழுதுவது மைக்குக் கேடு.

நீ அனுப்பிய மூன்று படங்களும் வந்தன. மூன்று கைக்கடிகாரம். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல், ஒன்று ரோஸ். கீழே ஒரு வரி எழுதியிருந்தாய். "அம்மா, எது பிடிச்சிருக்கு எண்டு சொல்லுங்கோ, ஓடர் பண்ணுறன்." அதற்கும் கீழே இன்னொரு வரி. "புதுசைக் கட்ட விருப்பமில்லாட்டித் துன் வீட்டை விடுறதைப் பற்றிக் கதைப்பம்." நிறம் கேட்கிறவன் போலக் கேட்டுக்கொண்டு கழுத்தைப் பிடிக்கிறாய். மணிக்கட்டைத் தா, இல்லையென்றால் துன் நகரத்தில் நான் இருக்கிற வீட்டைத் தா. இதுதானே உன் கேள்வி? மூன்று படத்துக்கும் அந்த இரண்டாவது வரிக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி. ரயிலில் நின்றுகொண்டு மேய்கிற மாதிரி மேயாதே.

இதை ஏன் உனக்கு மட்டும் அனுப்பாமல் பத்திரிகைக்குக் கொடுத்தேன் என்று மருமகள் கேட்பாள். தேர்த் திருவிழாவில் அத்தனை சனத்துக்கு முன்னால் என்னைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவன் நீ. சனத்துக்கு முன்னால் சொன்னதற்குப் பதிலும் சனத்துக்கு முன்னால்தான் வரும். உன் பெயரை எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களின் வீட்டிலும் உன்னைப் போல ஒருவன் இருப்பான், அவர்களுக்கும் உதவட்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழையைப் பத்திரிகைக்காரர் திருத்தட்டும், கோபத்தில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன்.

முதலில் தொடக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு ஞாபகசக்தி கொப்பரை, உன் தகப்பனைப் போல, தேவையானது மட்டும்தான் நிற்கும். சீனி வருத்தத்துக்கு மருந்து எழுதிய டொக்டர் என்னை நடக்கச் சொன்னார். நான் ஏற்கெனவே நடக்கிறவள்தான். வீட்டில் இருந்து ஆறு வரைக்கும், மரப்பாலத்தைக் கடந்து, ஏரிக்கரையால் போய், பூங்காவில் ஒரு வாங்குப் பலகையில் இருந்துவிட்டுத் திரும்பி வருவேன். எவ்வளவு நடக்கிறேன் என்று தெரிந்தால் டொக்டருக்குச் சொல்லலாமே என்று உன்னிடம் வாய் விட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். தான் எவ்வளவு நடந்தேன் என்று தெரிய விரும்பிய ஒரு மனுசி. அதற்கு நீ கொண்டுவந்து வைத்த பெட்டி நினைவிருக்கிறதா?

"என்னடா இது, டீவியைக் கையிலை கட்டச் சொல்லுறாய்?"

"இதுதானம்மா திறம். ஒக்சிசன் பாக்கும், நித்திரை பாக்கும், மனக் கவலையும் பாக்கும். விழுந்தாச் சொல்லும்."

"ஆருக்குச் சொல்லும்?"

நீ கடிகாரத்தின் வாரைச் சரிசெய்கிற சாட்டில் குனிந்துகொண்டாய். மருமகள்தான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இவருக்குத்தான் மாமி. வேறை ஆருக்கு?"

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. ஆனால் அவளைக் குறை சொல்லவும் மாட்டேன். அன்றைக்கு அந்த அறையில் உண்மை சொன்னவள் அவள் ஒருத்திதான்.

அன்றிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொல்லுகிறேன். முதல் கிழமையே நீ தொலைபேசி எடுத்தாய். "என்னம்மா, இண்டைக்கு வெளிக்கிடேல்லையோ? ஒண்டும் காட்டேல்லை." அன்றைக்கு நான் சில்லு வண்டியைத் தள்ளிக்கொண்டு நகரத்துக்குப் போய், அரிசியும் மரக்கறியும் வாங்கி, ஏற்றத்தில் மூச்சு வாங்க வாங்கத் திரும்பி வந்திருக்கிறேன். கால் நடந்தது. ஆனால் கை வண்டியின் பிடியில் அசையாமல் இருந்தது. உன் கடிகாரத்துக்குக் கால் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். அடுத்த நாள் நான் வெளியே கால் வைக்கவில்லை, மழை. குசினியில் திருவலையில் இருந்து புட்டுக்குத் தேங்காய் திருவினேன். கடிகாரம் கையில் அதிர்ந்து, பட்டாசு வெடிக்கிற மாதிரிப் படம் காட்டியது. நீயும் உடனே ஒரு கட்டை விரல் படம் அனுப்பினாய். "சூப்பர் அம்மா, இப்பிடியே நடவுங்கோ." தேங்காய் திருவினதற்கு என் வாழ்க்கையில் கிடைத்த முதல் பாராட்டு அது. உன் தகப்பனுக்கு ஆயுள் முழுக்கத் திருவிப் போட்டும் கிடைக்காதது.

சிவராத்திரிக்குக் கண் முழித்தேன். காலையில் அது என் நித்திரைக்குப் புள்ளி போட்டிருந்தது, சித்தியடையாத பிள்ளைக்குப் போடுகிற மாதிரி. நீ பயந்துபோய் அழைத்தாய். சைவப் பிள்ளை, சிவராத்திரி என்று தெரியாமல், "ஏனம்மா நித்திரை கொள்ளேல்லை, நெஞ்சு நோவோ?" என்று கேட்டாய். விரதம் இருந்த நாளில் மனக் கவலை கூடிவிட்டது என்று காட்டியதாம். கவலை எனக்குக் கடிகாரம் கட்டின பிறகு வந்தது. அதன் றப்பர் வாருக்குக் கீழே தோல் சிவந்து கடித்தது. நான் போடுகிற ஒற்றைக் காப்பில் அது உரசி உரசிக் கீறு விழுந்தது, அந்தக் காப்பு ஊரில் இருந்து எப்படி வந்து சேர்ந்தது என்று உனக்குத் தெரியும். நாள் தவறாமல் கழற்றி மின்சாரத்தில் போட வேண்டும். நான் எப்போது கழற்றுவேன்? குளிக்கப் போகும்போது. வயது போனவர்கள் வழுக்கி விழுகிற இடம் எது? குளியலறை. இதை வாங்கும்போது, கணனி படித்த நீ ஒரு தரமாவது யோசித்தாயா?

கொப்பரும் நான் கதவால் வந்தவுடன் கேட்பார், "எங்கை போட்டு வாறாய்?" என்று. அதற்காக அவரோடு பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. ஆனால் அவர் என்னிடம் கேட்டார். கேட்டால் சொல்லலாம், சொல்லாமல் விடலாம், வேண்டுமென்றால் பொய்யும் சொல்லலாம். நீ என்னிடம் கேட்கவில்லை. என் கையிடம் கேட்கிறாய். அது உனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறது, எனக்குத் தெரியாத மொழியில்.

இது உனக்குப் புதுப் பழக்கமும் இல்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான். உனக்குப் பத்து வயது. எனக்கு அடிவயிற்றில் நோ, இரத்தப்போக்கு. டொக்டரிடம் போகும்போது உன்னைத்தான் கூட்டிக்கொண்டு போனேன், உனக்குத்தான் மொழி வந்திருந்தது. டொக்டர் நீளமாகக் கேட்டார். நீ என்னைப் பார்த்து, "எங்கையம்மா நோகுது எண்டு கேக்கிறார்" என்றாய். நான் சொன்னேன், வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீ காது சிவந்து, நிலத்தைப் பார்த்து, அவருக்கு இரண்டு சொல் சொன்னாய். அவர் வயிற்று நோவுக்குக் குளிசை எழுதினார். பிறகு நான் வேலை செய்த ஹோட்டலில் துணி மடிக்கும் இடத்தில் நான் மயங்கி விழுந்து, பெரியாஸ்பத்திரியில் கிடந்து, கருப்பையை எடுத்த பிறகுதான் தெரிந்தது, நீ அன்றைக்கு "அம்மாவுக்கு வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லியிருக்கிறாய் என்று. பத்து வயதுப் பிள்ளை, அதைப் போய் மனதில் வைப்பதா என்று எல்லோரும் சொன்னார்கள். நான் வைத்திருக்கிறேன். வைத்திருப்பதற்கு எனக்கு மனதைத் தவிர வேறு அலுமாரி இருந்ததில்லை. என் உடம்புக்கும் எனக்கும் நடுவில் நீ நின்ற முதல் தரம் அது. இரண்டாவது தரம் தேரன்று.

தேரைப் பற்றி நீ ஊரெல்லாம் சொன்ன கதை வேறு. நடந்ததை நான் எழுதுகிறேன். போன வருடம் உன் நெஞ்சுக்குள் குழாய் வைத்தார்களே, அன்றைக்கு நான் நேர்த்தி வைத்தேன், வாற தேருக்கு அடி அழிக்கிறேன் என்று. உன் பிள்ளைகள் வாசித்தால் அவர்களுக்கு விளங்கட்டும். தேருக்குப் பின்னால் பெண்கள் கொஞ்சம் நடந்து, நிலத்தில் விழுந்து கும்பிட்டு, நெற்றி பட்ட இடத்தைக் கையால் தொட்டு அடையாளம் வைத்து, எழும்பி, மறுபடி நடந்து, மறுபடி விழுந்து கும்பிட்டு வீதி முழுக்கச் சுற்றுவது. ஊரில் மணலில் செய்தோம். இங்கே தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கிற கோயில், தார் வீதி, ஆடி வெயில். பிள்ளைகள் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார்கள். என் முழங்காலுக்கு மெல்ல இறங்க ஏலாது. கையை ஊன்றித் தொப்பென்றுதான் விழுவேன். விழுந்து, நெற்றியை வைத்து, உன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.

கையில் கட்டியிருந்தது அதிர்ந்ததாம். விழுந்துவிட்டீர்களா என்று ஜேர்மன் மொழியில் கேட்டதாம். கூவியதாம். தவில் காதுக்குப் பக்கத்தில் அடிக்கிறது, நான் முருகனோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு எப்படிக் கேட்கும்? பதில் வரவில்லை என்றதும் அது தானே அவசர உதவிக்கு அடித்துவிட்டது. உனக்கும் அடித்தது. நீ அன்னதான மண்டபத்தில் நின்றவன், சாம்பார் அகப்பையோடு ஓடி வந்தாய்.

"வழி விடுங்கோ! வழி விடுங்கோ! அம்மா விழுந்திட்டா!"

பக்கத்தில் அடி அழித்துக்கொண்டிருந்த மனுசி தலையைத் தூக்கிச் சொன்னாள். "விழேல்லைத் தம்பி, கும்பிடுறா. உமக்குக் கண் தெரியேல்லையோ?"

"இல்லை அன்ரி, ஃபோனிலை காட்டுது!"

கண்ணுக்கு முன்னால் நான் கிடக்கிறேன், நீ தொலைபேசியைக் காட்டுகிறாய். இரண்டு கமக்கட்டிலும் பிடித்து மூட்டை தூக்குகிற மாதிரித் தூக்கினாய். "விடடா, நேர்த்தியடா" என்று நான் சொன்னது உனக்குக் கேட்டது. கேட்டும் தூக்கினாய். அதற்குள் அம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு வீதிக்குள் வந்துவிட்டது. வடம் பிடித்தவர்கள் வடத்தைக் கீழே போட்டார்கள். தேர் நின்றது. உற்சவமூர்த்தி வெயிலில் நிற்க, என்னைக் கட்டிலில் ஏற்றிப் பெல்ற் போட்டு, சேலையை விலக்கி நெஞ்சில் வயர் ஒட்டினார்கள், அத்தனை சனமும் பார்க்க. உன் மாமி, என் மச்சாள், விசிறியால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றவளுக்குச் சொன்னாள். "தேரையே நிப்பாட்டின ஆள் இவதான்." அதுவும் எனக்குக் கேட்டது. எனக்கு ஒரு நோயும் இல்லை என்று அந்த அம்புலன்ஸ் பிள்ளைகள் மரியாதையாகச் சொல்லிவிட்டு இறக்கிவிட்டார்கள். அப்போது நீ என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு சோடா வாங்கித் தந்து, "தொடருங்கோ அம்மா" என்றிருக்க வேண்டும். நீ நடு வீதியில் நின்று, கோயில் சபைத் தலைவருக்கும் கேட்கும்படி சொன்னாய். "இனி இவவைத் தனிய விட ஏலாது. துன் வீட்டை விட்டிட்டு ஆராவுக்குக் கொண்டு போறன். ஏலாட்டி ஒரு நல்ல முதியோர் இல்லம் பாக்கிறன்." அவர்களும் தலையாட்டினார்கள். பொறுப்பான மகன் என்று ஒருவர் உன் முதுகில் தட்டினார். என் நேர்த்தி அரை வீதியில் நிற்கிறது. உனக்காக வைத்த நேர்த்தியை நீயே நிற்பாட்டினாய்.

பிறகு நீ செய்தது அதைவிடப் பெரிய புத்திசாலித்தனம். அந்தக் கடிகாரம் பிழையாகச் சொன்னது என்று உனக்குத் தெரியும். அப்படியென்றால் கடிகாரத்தைத்தானே விட வேண்டும்? நீ வீட்டை விடச் சொல்கிறாய், கடிகாரத்தை இன்னும் பெரிதாக்குகிறாய்.

இனி நான் சொல்லப் போவது உனக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டால் இந்த வழக்கில் நான் வெல்லுவேன். ஆனாலும் சொல்கிறேன். நான் உண்மையாகவே விழுந்தேன். தேருக்குப் பிறகு, மழைக்காலத்தில். என் உடுப்புத் தோய்க்கும் முறை வந்த நாள், கூடையைத் தூக்கிக்கொண்டு, எல்லா வீட்டுக்கும் பொதுவான மெசின் நிற்கிற நிலவறைக்கு இறங்கினேன். தலை சுற்றியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் சறுக்கி, கடைசியில் சீமெந்தில் இருந்துவிட்டேன். இடுப்பு எரிந்தது, எழும்ப ஏலவில்லை. உன் கடிகாரம் கையில்தான் இருந்தது. அது மூச்சும் விடவில்லை. பிறகு கடிகாரக் கடைக்குப் போனபோது கேட்டேன், மெல்லச் சறுக்கினால் அதற்குத் தெரியாதாம், பலமாக அடிபட்டால்தான் தெரியுமாம். கும்பிட்டால் கூவும், விழுந்தால் பேசாமல் இருக்கும். இதைத்தான் திறம் என்று கொண்டுவந்தாய்.

யார் வந்தது தெரியுமா? கீழ் வீட்டு கெர்பர் மனுசி. பதினைந்து வருடமாக அவளுக்கும் எனக்கும் பகை. மெசினின் பஞ்சு வலையை நான் துடைக்காமல் விட்டேன் என்று வீட்டு நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டவள். நான் துடைத்துத்தான் விட்டேன், இன்றைக்கும் சொல்வேன். அவள் என்னைக் கண்டதும் கத்தவில்லை, தொலைபேசியைத் தேடவில்லை. பக்கத்தில் படியில் இருந்தாள். "கெய்ட்ஸ்?" என்றாள். இங்குள்ளவர்கள், ஏலுமா, எப்படி இருக்கிறது என்று கேட்கிற சொல். நான் "கெய்ட்" என்றேன். ஏலும் என்று. அவள் கையைத் தந்தாள், எழும்பினேன். என் உடுப்பை மெசினில் அவளே போட்டாள். அடுத்த நாள் டொக்டரிடம் என்னோடு வந்தாள். இரத்த அழுத்தத்துக்குத் தந்த குளிசை கூடிப்போனதால் வந்த தலைச்சுற்று என்று மாற்றித் தந்தார். அதற்குப் பிறகு சுற்றவில்லை.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று இப்போது கோபப்படுவாய். படு. நன்றாகப் படு. நான் பெற்ற பிள்ளைக்கு, "விழுந்துவிட்டேன், நோகிறது" என்று சொல்லப் பயந்து, பகைக்காரியிடம் வாயைத் திறக்காதே என்று கெஞ்சினேன். சொன்னால் வீடு போய்விடும் என்று தெரியும். என்னைக் காவல் பார்க்க நீ கட்டிய பொருள் செய்த வேலை இதுதான். முன்பு தடிமன், காய்ச்சல் வந்தாலும் உனக்குச் சொல்லிப் பாட்டுப் பாடுகிறவள், இப்போது எலும்பு நோவையும் ஒளிக்கிறேன். உனக்கு என் இதயத் துடிப்பு வந்துகொண்டிருந்தது, என்னுடைய ஒரு சொல்லும் வரவில்லை. இதை ஒரு தரம் திருப்பி வாசி.

இனிக் கடிகாரத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய மூன்றும் எனக்கு வேண்டாம். நானே கடைக்குப் போனேன், தனியாக. எனக்கு விரிப்புக்கும் கரண்டிக்கும் உடைந்த கிளாசுக்கும் ஜேர்மன் தெரியும், இதயத் துடிப்புக்குத் தெரியாது, ஆனாலும் போனேன். விற்கிற பொடியன் உன்னைப் போலவே பெரிய பெட்டியைத்தான் முதலில் தூக்கினான். நான் கேட்டேன், இது என் மகனுக்குச் சொல்லுமா என்று. அவன் பெருமையாக, சொல்லும், மகளுக்கும் சொல்லும், டொக்டருக்கும் சொல்லும் என்றான். அப்படியென்றால் வை என்றேன். அடுத்ததை எடுத்தான். தொலைபேசி இல்லாமல் ஓடுமா என்று கேட்டேன். ஓடாது. வை. அவனுக்கு வேர்த்துவிட்டது. கடைசியில், "நீங்கள் என்ன விளையாட்டுச் செய்கிறீர்கள்?" என்று கேட்டான். நடக்கிறேன் என்றேன். "வேறு?" வேறு ஒன்றும் இல்லை, நடக்கிறேன், வண்டி தள்ளுகிறேன், கும்பிடுகிறேன். அப்போதுதான் அவன் சிரித்துவிட்டு, கீழ்த் தட்டில் இருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்தான். தீப்பெட்டியை விடச் சிறிது. இடுப்பில் செருகுவது. கை அசையாமல் வண்டி தள்ளினாலும் இடுப்பு அசையுமாம், அதனால் காலடியை எண்ணுமாம். கடைக்குள்ளேயே செருகிக்கொண்டு ஒரு வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். எண்ணியது. பிறகு அசையாமல் நின்று, தேங்காய் திருவுகிற மாதிரிக் கையை ஆட்டினேன். பேசாமல் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு கிழவன் என்னைப் பார்த்துப் பயந்துபோய் விலகினான். எழுத்துப் பெரிது, வெயிலில் தெரிகிறது. மின்சாரத்தில் போடத் தேவையில்லை, மாதக்கணக்காகக் கிடக்கிற பற்றரி. தோலில் படாது, காப்பில் உரசாது. நித்திரைக்குப் புள்ளி போடாது. யாருக்கும் ஒன்றும் சொல்லாது. நான் குனிந்து பார்த்தால் எனக்குச் சொல்லும். அதை வாங்கிவிட்டேன்.

தாய்க்கு, தகப்பனுக்கு இப்படி ஒன்று வாங்க நினைக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அது எத்தனை வித்தை காட்டும் என்று கடையில் பார்க்காதீர்கள். அந்த மனுசர் ஒரு நாளில் என்ன செய்கிறார் என்று முதலில் பாருங்கள். தள்ளுகிறாரா, தூக்குகிறாரா, திருவுகிறாரா, கும்பிடுகிறாரா என்று பாருங்கள். மொத்தமான விரல் ஒற்றைக் கையால் அந்தப் பூட்டைப் பூட்டுமா என்று பாருங்கள். சும்மா நடக்கிறவருக்கு ஓட்டக்காரனின் பொருள் தேவையில்லை. உண்மையாகவே நெஞ்சு வருத்தம் உள்ளவர், அடிக்கடி விழுகிறவர் என்றால் அது வேறு கதை, டொக்டரிடம் கேளுங்கள், அந்தத் தாய் தகப்பனிடமும் கேளுங்கள். கட்டப் போகிற ஆளிடம் கேட்காமல் கட்டினால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. ஆடு மாடு வைத்திருந்தவர்களுக்கு அது தெரியும்.

உன் பழைய கடிகாரத்தைத் துடைத்துப் பெட்டியில் போட்டு உனக்கே தபாலில் அனுப்பியிருக்கிறேன். நெஞ்சுக்குள் குழாய் வைத்தவன் நீ. நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிறவன் நீ. அதை நீ கட்டு. உன் துடிப்பு மருமகளின் தொலைபேசிக்குப் போகட்டும். நீ எங்கே நின்றாய், ஏன் நேற்று நித்திரை கொள்ளவில்லை என்று அவள் காலையில் பல் தீட்டும்போது பார்க்கட்டும். ஒரு மாதம் கட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நிறம் கேள்.

வீட்டைப் பற்றி. நான் விடமாட்டேன். என் தகப்பன் வீட்டில் தகப்பனின் பெயர், கொப்பரோடு இருந்த வீட்டில் கொப்பரின் பெயர், ஹோட்டல் தந்த அறையில் ஹோட்டலின் பெயர். இந்த வீட்டின் வாசல் மணிப் பலகையில்தான் என் பெயர் மட்டும் இருக்கிறது. நீ ஆராவில் எனக்கென்று சொல்கிற அறையை நான் பார்த்தேன், உன் மகனின் சைக்கிளும் மடிக்கிற இஸ்திரி மேசையும் நிற்கிற அறை. எனக்கு ஏலாமல் போகிற நாள் வரும், நான் மூடத்தி இல்லை. அந்த நாளை நான் சொல்லுவேன். நீயும் சொல்லக்கூடாது, உன் கடிகாரமும் சொல்லக்கூடாது. நான் சொன்னால், எந்த இல்லம் என்று அன்றைக்குச் சேர்ந்து பார்ப்போம்.

அதுவரைக்கும் ஒழுங்கு இதுதான். வீட்டுத் திறப்பு ஒன்றைக் கீழ் வீட்டு மனுசியிடம் கொடுத்திருக்கிறேன். அவளோடு எனக்கு இன்னும் கோபம்தான், ஆனால் அவள் கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். அவளுடைய தொலைபேசி எண்ணை உனக்குத் தனியாக அனுப்புகிறேன். நீ வேலை முடிந்து ரயிலில் ஏறியதும் எனக்கு எடு. ஒவ்வொரு நாளும். "எப்பிடியம்மா?" என்று உன் வாயால் கேள். நல்லாய் இருக்கிறேன் என்று நான் சொன்னால் நம்பு. பொய் சொன்னேன் என்றால் குரலில் கண்டுபிடி. நீ குழந்தையாய் இருந்தபோது உன் அழுகையில் எது பசி, எது காது நோ என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சனிக்கிழமை வா. மருமகளும் வருவதென்றால் வரட்டும், கோழிக் கறி வைப்பேன், சண்டையும் பிடிப்பேன். வந்து மணியை அடி. நான் திறக்காவிட்டால் நடக்கப் போயிருக்கிறேன் என்று அர்த்தம். யாருக்கும் தொலைபேசி எடுக்காதே. வாசல் படியில் இரு. நான் வரும்போது வருவேன்.

உன் அம்மா,
துன்.